சர்வாதிகாரி போன மறுநாள்: ஒன்பதாம் வகுப்பில் ஒரு போர்ச்சுகல் பாடம்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் அரசாங்க அமைப்புகள் பற்றிய பாடம் நடத்தும்போது முடியாட்சி, தனிநபராட்சி, சிறுகுழு ஆட்சி, மக்களாட்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். மாணவர்களும் வரையறைகளைப் படித்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் தனிநபராட்சி வீழ்ந்த மறுநாள் அந்த நாட்டில் என்ன நடக்கும் என்பது எந்த வரையறைக்குள்ளும் வருவதில்லை. செய்தியும் காணொலியும் பார்க்கிற பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். என் வகுப்பில் ஏறத்தாழ எல்லா ஆண்டும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: "சார், அந்த ஆள் இருந்தவரைக்கும் சண்டை இல்லை. அவர் போனதும் நாடே அடிச்சுக்குது. அப்ப அவரே இருந்திருக்கலாம் இல்ல?"

இதைக் குறும்புக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் மாணவர் கேட்கிறார். "மக்களாட்சியே சிறந்தது" என்று மட்டும் சொன்னால் அது தேர்வுக்கான விடையாக இருக்கும். கேட்டவருக்கான விடையாக இருக்காது. இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் வாக்குச்சாவடிக்குப் போகப்போகிற பிள்ளைக்குச் சான்றோடு விடை சொல்ல வேண்டும். அதற்காக நான் மூன்று பாடவேளைகளில் நடத்தும் பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொண்டது 1974இல் சர்வாதிகாரம் வீழ்ந்த போர்ச்சுகல். இதற்குக் காரணங்கள் உண்டு. குழப்பத்தின் தொடக்கமும் முடிவும் ஏறத்தாழ 27 மாதங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. தேதிகள் தெளிவாக இருக்கின்றன. உள்நாட்டுப் போரின் விளிம்பு வரை போய், அதில் விழாமல் திரும்பிய நாடு அது. வாஸ்கோடகாமா, கோவா ஆகிய பெயர்கள் வழியாகப் போர்த்துக்கீசியரை நம் மாணவர்கள் முன்பே அறிவார்கள்.

முதல் பாடவேளை: 'அமைதி' என்று எதைச் சொல்கிறோம்?

உலக வரைபடத்தில் போர்ச்சுகலைக் காட்டச் சொல்லித் தொடங்குகிறேன். பரப்பில் அது தமிழ்நாட்டைவிடச் சிறிய நாடு. அங்கிருந்து அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ், கிழக்குத் திமோர் ஆகியவற்றுக்கு நூல் இழுத்துக் கட்டச் சொல்கிறேன். அந்தச் சின்ன நாடு எவ்வளவு தொலைவில் எவ்வளவு நிலத்தை வைத்திருந்தது என்பது நூலைப் பார்த்ததுமே விளங்கிவிடுகிறது.

பிறகு சர்வாதிகாரம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். 1910இல் போர்ச்சுகலில் முடியாட்சி ஒழிந்து குடியரசு வந்தது. அடுத்த 16 ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் மாறின. 1926இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. நிதி நிலையைச் சரிசெய்ய கோயிம்பிரா பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் அந்தோனியோ சலாசர் 1928இல் நிதியமைச்சராக அழைத்து வரப்பட்டார். 1932இல் அவரே பிரதமரானார். 1933இல் தம் விருப்பப்படி ஓர் அரசியலமைப்பைக் கொண்டுவந்து, 'புதிய அரசு' என்று தம் ஆட்சிக்குப் பெயரிட்டார். 1968இல் உடல்நலம் கெட்டுப் பதவியிலிருந்து அகற்றப்படும் வரை 36 ஆண்டுகள் அவரே பிரதமர். அவருக்குப் பின் வந்த மார்செலோ கயெதானோவும் அதே முறையைத் தொடர்ந்தார்.

இந்த இடத்தில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'கண்ணுக்குத் தெரிந்தது', மறுபக்கம் 'கண்ணுக்குத் தெரியாதது' என்று எழுதுகிறேன். முதல் பக்கத்தை மாணவர்களே நிரப்பிவிடுவார்கள்: நிலையான ஒரே தலைமை, வேலைநிறுத்தம் இல்லை, கட்சிச் சண்டை இல்லை. இரண்டாவது பக்கத்துக்கு நான் தரவுகளைத் தருகிறேன்.

வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றம். அதனால்தான் அது நடக்கவில்லை. ஆளும் அமைப்பைத் தவிர வேறு கட்சிகளுக்கு இடமில்லை; அதனால்தான் கட்சிச் சண்டையும் இல்லை. செய்தித்தாள்கள் அச்சுக்குப் போகும் முன் தணிக்கை அலுவலர்கள் நீலப் பென்சிலால் வரிகளை அடித்தார்கள். இரகசியக் காவல் துறை ஆள்களைப் பிடித்துப் போனது. கேப் வெர்டி தீவில் உள்ள தராஃபால் என்னும் இடத்தில் அரசியல் கைதிகளுக்கென்றே முகாம் இருந்தது. 1970இல் அந்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிழைப்புத் தேடி இலட்சக்கணக்கானோர் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தனர். 1961இல் அங்கோலாவில் தொடங்கிய விடுதலைப் போர் கினி-பிசாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பரவியது. போர்த்துக்கீசிய இளைஞர்கள் 13 ஆண்டுகள் அந்தப் போர்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மாணவர்களுக்கு ஒன்று பிடிபடுகிறது. சண்டை இல்லாமல் இல்லை. அது ஆப்பிரிக்காவில் நடந்தது, சிறைக்குள் நடந்தது. தலைநகர் லிஸ்பனின் தெருவில் மட்டும் தெரியவில்லை.

நம் நாட்டோடு உள்ள தொடர்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவை விடுவித்தது. அதைக் கடைசி வரை சலாசர் ஒப்புக்கொள்ளவில்லை. சர்வாதிகாரம் வீழ்ந்த பிறகு, 31 டிசம்பர் 1974 அன்று புதுதில்லியில் கையெழுத்தான உடன்படிக்கையில்தான் கோவா மீதான இந்திய இறையாண்மையைப் போர்ச்சுகல் ஏற்றுக்கொண்டது.

இரண்டாம் பாடவேளை: 27 மாதக் குழப்பம்

பாடத்துக்கு முன் பத்து நிமிடச் செயல்பாடு ஒன்று. வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, "வகுப்பு நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதுங்கள், எல்லாக் குழுக்களும் ஒப்புக்கொள்ள வேண்டும், நான் தலையிட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். பெரும்பாலான நேரம் விதியை எழுதுவதில் போகாது. யார் எழுதுவது, யார் சொன்னால் முடிவு, எத்தனை பேர் கை தூக்கினால் போதும் என்பதிலேயே போய்விடும். நேரம் முடிந்ததும், "இப்போது நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாடே இப்படி உட்கார்ந்திருந்த கதையைத்தான் பார்க்கப்போகிறோம்" என்று பாடத்துக்குள் போகிறேன்.

நிகழ்வுகளைப் பழைய அழைப்பிதழ்களின் பின்புறத்தில் எழுதி, அட்டைகளைக் கலைத்துக் கொடுத்துக் கால வரிசையில் அடுக்கச் சொல்கிறேன். அட்டைகளில் உள்ளவை:

25 ஏப்ரல் 1974: ஆப்பிரிக்கப் போர்களால் சலித்துப்போன இளநிலை இராணுவ அலுவலர்கள், வானொலியில் ஒலித்த பாடலை அடையாளக் குறியாகக் கொண்டு நள்ளிரவில் புறப்பட்டனர். மாலைக்குள் கயெதானோ சரணடைந்தார். வீரர்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினர். இரகசியக் காவலர்கள் சுட்டதில் நால்வர் இறந்தனர்.

மே 1974: ஜெனரல் ஸ்பினோலா குடியரசுத் தலைவரானார். முதல் இடைக்கால அரசு அமைந்தது. இரண்டே மாதங்களில் அதன் பிரதமர் விலகினார்.

செப்டம்பர் 1974: குடியேற்ற நாடுகளுக்கு உடனே விடுதலை கொடுப்பதில் ஸ்பினோலாவுக்கும் இளம் அலுவலர்களுக்கும் மோதல் முற்றியது. ஸ்பினோலா பதவி விலகினார். கோஸ்டா கோமஸ் தலைவரானார்.

11 மார்ச் 1975: ஸ்பினோலாவின் ஆதரவாளர்கள் செய்த இராணுவக் கிளர்ச்சி தோற்றது. அவர் ஸ்பெயினுக்குத் தப்பினார். சில நாள்களில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசுடைமையாயின.

25 ஏப்ரல் 1975: அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் வாக்களித்தனர்.

1975 கோடை: தெற்கில் விவசாயத் தொழிலாளர்கள் பெரும் பண்ணைகளைக் கைப்பற்றினர். வடக்கில் பொதுவுடைமைக் கட்சி அலுவலகங்கள் தாக்கப்பட்டன. போர்ச்சுகலில் இதை 'வெப்பக் கோடை' என்கிறார்கள்.

நவம்பர் 1975: கட்டுமானத் தொழிலாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தை ஒரு நாளுக்கும் மேலாகச் சூழ்ந்துகொண்டனர். இராணுவம் தனக்குப் பாதுகாப்புத் தராவிட்டால் பணி செய்ய இயலாது என்று அரசே 'வேலைநிறுத்தம்' அறிவித்தது. 25ஆம் தேதி இடதுசாரி வான்குடைப் படையினர் விமானத் தளங்களைப் பிடித்தனர். ரமால்ஹோ இயானஸ் என்ற அலுவலர் வழிநடத்திய படைகள் அந்தக் கிளர்ச்சியை அடக்கின.

ஏப்ரல் – ஜூலை 1976: புதிய அரசியலமைப்பு, நாடாளுமன்றத் தேர்தல், குடியரசுத் தலைவர் தேர்தல். இயானஸ் குடியரசுத் தலைவர். மரியோ சோரஸ் பிரதமர்.

இந்த இடைவெளியில் ஆறு இடைக்கால அரசுகள் வந்து போயின. அரசே வேலைநிறுத்தம் செய்த அட்டையைப் படிக்கும்போது வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், "ஏன் இப்படி ஆனது?" என்று கேட்கிறேன். அட்டைகளிலிருந்தும் முந்தைய நாள் குறிப்பிலிருந்தும் மாணவர்கள் எடுக்கும் காரணங்களை நான்காகத் தொகுக்கலாம்.

ஒன்று, கட்சி நடத்திப் பழக்கமில்லை. பல பத்தாண்டுகள் தலைமறைவாக இயங்கிய பொதுவுடைமைக் கட்சிக்கு மட்டுமே நாடு தழுவிய அமைப்பு இருந்தது. சோசலிசக் கட்சி 1973இல் ஜெர்மனியில்தான் தொடங்கப்பட்டது. மற்ற பெரிய கட்சிகள் புரட்சிக்குப் பிறகு தோன்றியவை.

இரண்டு, இராணுவத்திலேயே யார் சொல்லை யார் கேட்பது என்ற ஒழுங்கு குலைந்தது. மேலதிகாரிகளை மீறிப் புரட்சி செய்த அலுவலர்களின் கட்டளையை, அடுத்த ஆண்டு அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் மீறினார்கள்.

மூன்று, பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட குடியேற்ற நாடுகளின் விடுதலை ஒரே நேரத்தில் வந்தது. 1975 ஜூனில் மொசாம்பிக்கும் நவம்பரில் அங்கோலாவும் விடுதலை பெற்றன. ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த போர்ச்சுகலுக்கு, ஐந்து இலட்சம் பேர் அளவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கினர். பலரிடம் கைப்பெட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான்கு, 1973இல் எண்ணெய் விலை ஏறியதால் ஐரோப்பா முழுவதுமே நெருக்கடியில் இருந்தது. நிலம், கூலி பற்றிய பழைய குறைகள் பேச வாய் கிடைத்ததும் ஒருசேர வெளிவந்தன.

நான்கையும் எழுதிய பிறகு மாணவர்களிடம் ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன்: இவற்றில் எவை 1974க்குப் பிறகு முளைத்தவை, எவை அதற்கு முன்பே விதைத்தவை என்று குறிக்க வேண்டும். எண்ணெய் விலையைத் தவிர மற்றவை எல்லாம் முன்பே விதைத்தவை என்று பெரும்பாலோர் குறிப்பார்கள். வீட்டுக் கடனை அப்பா மறைத்து வைத்திருந்தால், அது வெளிவரும் நாளில்தான் வீட்டில் சண்டை தெரியும். கடன் அன்றைக்கு வாங்கியதல்ல. இந்த உவமையை என்னைவிட மாணவர்கள் நன்றாக விளக்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் பாடவேளை: குழப்பம் எப்படி அடங்கியது?

இந்தப் பாடவேளைக்கு வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப்போய்க் கபடிக் களத்தின் ஓரத்தில் உட்கார வைக்கிறேன். கபடியில் எத்தனை முறை தகராறு வந்தாலும், கோடும் நடுவரும் இருந்தால் ஆட்டம் தொடரும். சலாசர் காலத்தில் ஆடியவரும் அவரே, கோடு போட்டவரும் அவரே, நடுவரும் அவரே. ஆகவே அந்த ஆட்சி விழுந்தபோது ஆட்டக்காரர் மட்டும் வெளியேறவில்லை. கோடும் நடுவரும் சேர்ந்தே போய்விட்டனர். பிறகு ஆளுக்கொரு கோடு போடத்தான் செய்வார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கோட்டை எப்படிப் போடுவது என்பதுதான் அந்த 27 மாதங்களின் கேள்வி. போர்ச்சுகலில் அதற்கு மூன்று செயல்கள் உதவின.

முதலாவது, சொன்ன தேதியைக் காப்பாற்றினார்கள். பன்னிரண்டு மாதங்களுக்குள் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் என்று புரட்சி செய்த அலுவலர்கள் தங்கள் திட்டத்தில் வாக்களித்திருந்தார்கள். தேர்தலுக்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான் கிளர்ச்சி நடந்தது. தள்ளிவைக்கக் காரணம் கையிலேயே இருந்தது. இருந்தும் புரட்சியின் முதலாண்டு நிறைவு நாளிலேயே தேர்தல் நடந்தது. யாருக்கு எவ்வளவு ஆதரவு என்பது முழக்கத்திலிருந்து எண்ணிக்கைக்கு வந்தது. சோசலிசக் கட்சி ஏறத்தாழ 38 விழுக்காடு பெற்றது. தெருவில் வலிமையாகத் தெரிந்த பொதுவுடைமைக் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 12.5 விழுக்காடு. அதன் பிறகும் தகராறு ஓயவில்லை. ஆனால் "மக்கள் எங்கள் பக்கம்" என்று எவரும் எண்ணிக்கை இல்லாமல் சொல்ல முடியாத நிலை வந்தது.

இரண்டாவது, தோற்றவரைக் களத்தைவிட்டுத் துரத்தவில்லை. 1975 நவம்பர் கிளர்ச்சி அடங்கியதும் பொதுவுடைமைக் கட்சியைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது. வெற்றி பெற்ற தரப்பைச் சேர்ந்த மெலோ அன்துனேஷ் என்ற அலுவலர் மறுநாள் தொலைக்காட்சியில் தோன்றி, மக்களாட்சியைக் கட்டியெழுப்ப அந்தக் கட்சியும் தேவை என்று பேசினார். வலதுசாரி மையக் கட்சியோ 1976இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து வாக்களித்தது. ஆனாலும் அதே அரசியலமைப்பின்கீழ் தேர்தலில் நின்றது. 1978இல் சோசலிசக் கட்சியோடு சேர்ந்து அமைச்சரவையிலும் இடம்பெற்றது.

மூன்றாவது, இராணுவம் படிப்படியாகப் பாசறைக்குத் திரும்பியது. அரசியலமைப்பிலேயே 'புரட்சிக் குழு' என்ற பெயரில் அலுவலர்களுக்கு ஓர் இடம் விடப்பட்டிருந்தது. 1982இல் அரசியலமைப்பைத் திருத்தி அதையும் நீக்கினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1976க்குப் பிறகும் போர்ச்சுகலில் அரசுகள் நிலைக்கவில்லை. 1976 முதல் 1987 வரை பத்து அரசுகள் மாறின. ஒன்றுகூட முழுப் பதவிக்காலத்தை நிறைவு செய்யவில்லை. 1987இல் அமைந்த அரசுதான் முதன்முதலாக நான்காண்டுகளை முடித்தது. அப்படியானால் என்ன மாறியது? 1975இல் ஓர் அரசு விழுந்தபோது பீரங்கி வண்டிகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று மக்கள் பயந்தார்கள். 1979இல் ஓர் அரசு விழுந்தபோது அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டார்கள். அரசு விழுவது வேறு, ஆட்சிமுறை விழுவது வேறு. மாணவர்கள் இந்தப் பாடத்திலிருந்து எடுத்துச் செல்ல வேண்டிய வேறுபாடு இதுதான். அரசு மாறாமலே இருப்பதை நிலைத்தன்மை என்று எண்ணுவதால்தான் சலாசரின் 36 ஆண்டுகள் நமக்கு அமைதியாகத் தோன்றுகின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க: லிபியா

குழப்பம் எங்கும் தானாகவே அடங்கிவிடும் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காக லிபியாவை ஐந்து நிமிடம் ஒப்பிடுகிறேன். 1969இல் ஆட்சியைப் பிடித்த கடாபி 42 ஆண்டுகள் ஆண்டார். 1972லேயே கட்சிகள் தடைசெய்யப்பட்டன. முறையான அரசியலமைப்பும் இல்லை. 2011 அக்டோபரில் அவர் கொல்லப்பட்டபோது, அவரை எதிர்த்துப் போரிட்ட ஊர்க்குழுக்களின் கைகளில் ஆயுதங்கள் இருந்தன. 2012 ஜூலையில் தேர்தல் நன்றாகவே நடந்தது. ஆனால் ஆயுதக் குழுக்கள் கலைக்கப்படவில்லை. அரசுக் கருவூலத்திலிருந்தே அவற்றுக்குச் சம்பளம் போனது. 2014 தேர்தலுக்குப் பிறகு திரிப்போலியில் ஒரு நாடாளுமன்றம், தொப்ரூக்கில் ஒரு நாடாளுமன்றம் என்று நாடு பிளந்தது. அரசியலமைப்பு வரைவு 2017இல் தயாரானாலும் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகவில்லை. 2021 டிசம்பர் 24 அன்று நடப்பதாக இருந்த தேர்தலும் நடக்கவில்லை.

போர்ச்சுகலின் மூன்று செயல்களை இடப்பக்கம் எழுதி, லிபியாவில் அவை நடந்தனவா என்று குழுவாரியாக வலப்பக்கம் நிரப்பச் சொல்லுங்கள். தேர்தல் மட்டும் போதாது. துப்பாக்கி யாரிடம் இருக்கிறது, தோற்றவர் என்ன செய்கிறார் என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எழுத்திலேயே வந்துவிடும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வேலைநிறுத்தமே நடக்காத நாட்டில் தொழிலாளர்களுக்குக் குறையே இல்லை என்று சொல்லலாமா? சான்று தருக.
2. அரசு விழுவதற்கும் ஆட்சிமுறை விழுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் போர்ச்சுகலின் இரண்டு தேதிகளைக் கொண்டு விளக்குக.
3. 1975 மார்ச் கிளர்ச்சியைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிவைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உன் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உன் குழு நூலக விதியை எழுதியபோது முதலில் எதற்காகச் சண்டை வந்தது? அதை எப்படித் தீர்த்தீர்கள்?

மூன்றாவது வினாவுக்கு ஒரே விடை கிடையாது. காரணம் சொல்லும் திறனுக்கே மதிப்பெண் தரலாம்.

ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள்

"வலுவான ஒருவர் ஆண்டால்தான் சரி" என்று ஒரு மாணவர் கடைசி வரை சொன்னால் அவரை அடக்க வேண்டாம். ஒரே ஆளின் சொல்லுக்கு எல்லாரும் தலையாட்ட வேண்டாம் என்று பாடம் நடத்திவிட்டு, நம் சொல்லுக்குத் தலையாட்டச் சொல்வது முரண். "அந்த ஒருவர் தவறு செய்தால் யார் கேட்பது? அவருக்குப் பின் யார், எந்த விதிப்படி?" என்ற இரண்டு கேள்விகளை அவரிடமே விட்டுவிடுங்கள். அதேபோல, பேச்சு உள்ளூர்க் கட்சி அரசியலுக்குத் திரும்பினால் தேதி அட்டைகளைக் கையில் கொடுத்துப் போர்ச்சுகலுக்கே திருப்பிவிடலாம்.

அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். இதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் முசோலினி, ஹிட்லர் ஆகியோரின் எழுச்சியைப் படிப்பார்கள். குழப்பத்தை ஒழிப்பதாகச் சொல்லித்தான் அவர்களும் வந்தார்கள். 1926 என்று எழுதி ஓர் அட்டையைச் சேர்த்து வைத்துக்கொண்டால், அந்தப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.